வெட்டு ஆறிவிட்டது, வலி ஏன் போகவில்லை?

கேள்வி: அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் வெட்டுப்பட்டது. அரை அங்குலம்தான் இருக்கும், தையல் போடவில்லை. ஏழு வாரமாகிறது. தோல் நன்றாக மூடிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் ஏதாவது பட்டால் ஷாக் அடித்ததுபோல் சுரீரென்று விரல் நுனிவரை ஓடுகிறது. நுனியில் ஒரு பக்கம் மரத்தாற்போலவும் இருக்கிறது. வலி மாத்திரைக்குக் கேட்கவில்லை. தானாகச் சரியாகிவிடுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஷாக் அடிப்பதைவிட, மரத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது. ஒவ்வொரு விரலிலும் இரண்டு ஓரங்களில், உள்ளங்கைப் பக்கமாக, ஓரத்துக்கு ஒன்றாக உணர்வு நரம்பு ஓடுகிறது. தோலுக்குச் சில மில்லிமீட்டர் அடியிலேயே இருப்பதால் சின்ன வெட்டும் அதைத் தொட்டுவிடும். தோல் மூடுவதற்கும் நரம்பு சேருவதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறொருவர் பஞ்சுத் திரியால் விரல் நுனியின் இரு பக்கங்களையும் மாற்றி மாற்றித் தொடட்டும். வலது கையின் அதே விரலோடு ஒப்பிடுங்கள். பிறகு பேனா முனையால் நுனியிலிருந்து தழும்பை நோக்கி லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஷாக் தொடங்கும் இடத்துக்கும் தழும்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். அந்தப் புள்ளியும் வாரந்தோறும் நுனியை நோக்கி நகரும். நகராமல் தழும்பிலேயே நின்றால், அறுபட்ட நரம்பின் முனை வழி தெரியாமல் அங்கேயே சிறு முடிச்சாகத் திரண்டிருக்கலாம். தொட்டால் ஷாக் அடிப்பது அந்த முடிச்சுதான்.

இதற்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். முழுதாக அறுபட்ட நரம்பை முதல் இரண்டு வாரத்துக்குள் இணைப்பதே நல்லது. தாமதமானால் முனைகள் விலகிப்போய், வேறிடத்திலிருந்து நரம்புத் துண்டு எடுத்து ஒட்ட வேண்டியும் வரலாம். அதனால் அளவெடுப்பதைத் தொடர்ந்தபடியே இந்த வாரமே கை அறுவை நிபுணரைப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பாராசிட்டமால் போன்றவை நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. அதற்கான மருந்துகள் வேறு, அவற்றை டாக்டர்தான் எழுத வேண்டும். வலி மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்ப்பதால் வயிறும் ஈரலும்தான் கெடும்.

நிபுணர் பார்த்து, நரம்பு சரியாக இருக்கிறது, தழும்புதான் கூசுகிறது என்றால் கவலையில்லை, பயிற்சியிலேயே குறையும். தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தொட்டு, கட்டைவிரலால் தழும்பை அழுத்தி ஐந்து நிமிடம் வட்டமாகவும் குறுக்காகவும் தேய்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதோடு பஞ்சால் வருடத் தொடங்குங்கள். அது பொறுக்கும்படி ஆனதும் பழைய பருத்தித் துணி, பிறகு துவாலை, கடைசியில் ஒரு கிண்ணம் அரிசிக்குள் விரலை விட்டு அளைவது. எரிச்சல் தாங்க முடியாமல் போனால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். பலர் செய்யும் தவறு, கூசுகிறதே என்று விரலைச் சுற்றிக் கட்டி, நீட்டியே வைத்துக்கொள்வது. எதுவும் படாமல் வைத்தால் கூச்சம் அதிகமாகும், மூட்டும் இறுகிவிடும். காய் பிடிப்பது, துணி பிழிவது எல்லாம் அந்த விரலாலும் நடக்கட்டும்.

கேள்வி: கண்ணாடித் தம்ளர் உடைந்து உள்ளங்கையில் கிழித்தது. மேலே ஆறிவிட்டது. ஆனால் ஒரே ஒரு இடத்தை அழுத்தினால் மட்டும் குத்துகிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உள்ளே சில்லு இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே எடுங்கள், கண்ணாடி பெரும்பாலும் அதில் தெரியும். முள், மரச்சிராய் என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் காட்டும். ஊக்கு, ஊசி கொண்டு நீங்களே தோண்ட வேண்டாம். சில்லு இன்னும் ஆழத்துக்குப் போகும். உள்ளங்கையில் நரம்பும் ரத்தக் குழாயும் நெருக்கமாக இருக்கின்றன.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. மீன் ஆயும்போது அடிக்கடி முள் குத்திவிடுகிறது. எப்போது பயப்பட வேண்டும்?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: குத்தியதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவச் சொல்லுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவை அழுக்கையும் சேர்த்து உள்ளே வைத்து மூடிவிடும். மீன் முள் குத்தியதை அழுக்குக் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

விரல் முழுவதும் வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே நின்று, உள்ளங்கைப் பக்கம் நீளவாக்கில் தொட்டால் வலித்து, வேறொருவர் மெல்ல நிமிர்த்தினாலும் உயிர் போகிறதென்றால் விரலை மடக்கும் தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் கட்டியிருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விட்டால் விரலே மடங்காமல் போய்விடும். காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, கடல் மீன் குத்திய சில மணி நேரத்துக்குள் வரும் நீலம் பாய்ந்த கொப்புளம் ஆகியவற்றுக்கும் அதே அவசரம்.

இன்னொன்று மெதுவாக வரும். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, குத்திய இடத்தில் அதிகம் வலிக்காத சிவந்த கட்டி எழும்பி, சாதாரண மருந்துக்கு ஆறாமல் நிற்கும். காசநோய்க் கிருமியின் உறவான ஒரு நீர்க்கிருமி இதைச் செய்யும். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும்போது அது 30 டிகிரி வாக்கில்தான் நன்றாக வளரும், வழக்கமான 37 டிகிரியில் வைத்துப் பார்த்தால் தப்பிவிடும். மீன் முள் குத்தியது என்று டாக்டரிடம் சொன்னால்தான் அந்தச் சோதனையை எழுத அவருக்குத் தோன்றும்.