எங்கள் கடைப் பெயரைத் தேடினால் மற்றவரின் கடை வருகிறது

கேள்வி: அக்கா, கொக்குவிலில் கேக், பூச்செண்டு, பரிசுப் பொருட்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஓடர் தருவது அநேகமாகக் கனடா, லண்டன், பாரிஸ் ஆட்கள். போன மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணா, தாயின் பிறந்தநாளுக்கென்று எங்கள் கடைப் பெயரைக் கூகுளில் அடித்துத் தேடியிருக்கிறார். மேலே வந்த விளம்பரத்தை அமத்தி ஓடரும் போட்டு, காசும் கட்டிவிட்டார். பின்னேரமாகியும் கேக் வரவில்லையென்று எனக்குப் போன் எடுத்து ஏசினார். விசாரித்தால், அவர் காசு கட்டியது வேறொரு கடைக்கு! எங்கள் பெயருக்கு அவர்கள் விளம்பரம் போடலாமா? நானும் அவர்களின் பெயருக்குத் திருப்பிப் போடட்டா?
– கொக்குவில் வாசகர்

பதில்: செய்யாத பிழைக்கு ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள் தம்பி, கோபம் நியாயம்தான். ஆனாலும் திருப்பிப் போடாதீர்கள். அந்தக் காசை உங்கள் சொந்தப் பெயரைக் காக்கச் செலவழியுங்கள்.

கூகுளில் ஒவ்வொரு தேடலுக்கும் அந்தக் கணத்திலேயே விளம்பர இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது. எந்தச் சொல்லுக்கும் எவரும் விலை கேட்கலாம், இன்னொருவரின் கடைப் பெயருக்கும்கூட. முன்பு பெயருக்குச் சொந்தக்காரர் முறையிட்டால் கூகுள் அந்தச் சொல்லையே மறித்துவிடும். 2004இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2008இல் பிரித்தானியாவிலும், 2010இல் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் அந்த மறிப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது முறையிட்டு மறிக்கக்கூடியது விளம்பர வாசகத்துக்குள் உங்கள் பெயர் வருவதை மட்டும்தான்.

உங்கள் தொழிலிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. பூ அனுப்பும் இன்டர்ஃப்ளோரா நிறுவனத்தின் பெயருக்கு, பிரித்தானியாவின் பெரிய கடை நிறுவனமான மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் விளம்பரம் போட்டது. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம், பெயருக்கு விலை கேட்டது மட்டும் குற்றமல்ல என்றது. விளம்பரத்தைப் பார்க்கும் சாதாரண ஆள், இது யாருடைய கடை என்று சிரமமில்லாமல் அறிய முடிகிறதா என்பதே அவர்கள் வைத்த அளவுகோல். இன்டர்ஃப்ளோரா பல பூக்கடைகள் சேர்ந்த வலையமைப்பு என்பதால், மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சரும் அதில் ஒரு கடையென்று சனம் நினைக்கக்கூடும் என்பதையும் கவனிக்கச் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்தில் கடை திறக்கலாம், உங்கள் பெயர்ப்பலகையைத் தன் வாசலில் மாட்டக்கூடாது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2023இல் ஏறக்குறைய இதையே சொன்னது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதன் 160ஆம் பிரிவு, இன்னொருவரின் வியாபாரத்தோடு குழப்பம் உண்டாக்கும் செயலை நேர்மையற்ற போட்டி என்கிறது. ஆகவே முதலில் அந்த விளம்பரத்தின் வாசகம் வேண்டும். ரொறன்ரோ அண்ணாவிடம் ஸ்கிரீன்ஷொட் கேளுங்கள். கொக்குவிலில் இருந்து தேடினால் கனடாவில் காட்டும் விளம்பரம் தெரியாது. கூகுள் விளம்பரக் கணக்குக்குள் இருக்கும் முன்னோட்டக் கருவியில் இடத்தை ரொறன்ரோ என்று மாற்றிப் பாருங்கள். ஆத்திரத்தில் அவர்களின் விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப அமத்தாதீர்கள். அது கள்ளக் கிளிக், வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவர்கள் உங்கள் பெயரை வாங்காமலே இருக்கலாம். 'யாழ்ப்பாணம் கேக் டெலிவரி' என்ற சொல்லை அகலப் பொருத்தத்தில் (அதே சொல் மட்டுமல்ல, அதோடு தொடர்புள்ள தேடல்களுக்கும் காட்டும் விதத்தில்) போட்டிருந்தால், உங்கள் பெயரோடு கேக் என்று தேடுபவருக்கும் கூகுள் தானாகவே அதைக் காட்டிவிடும். நீதிமன்றம் வரை யோசிக்க முன்னர் ஒருக்கா நேரில் போய்க் கதையுங்கள். உங்கள் பெயரை விலக்குச் சொல்லாக (அதைத் தேடினால் விளம்பரம் காட்டாதே என்று) சேர்க்க அவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரே ஊரில், ஒரே கல்யாண வீடுகளுக்குக் கேக் கொடுக்கும் ஆட்கள் நீங்கள். வக்கீல் கடிதத்தை விட நேர்ப்பேச்சுக்கு இங்கே மதிப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன்.

திருப்பிப் போட வேண்டாம் என்றதற்குக் காரணம் காசும்தான். விலையை மட்டும் பார்த்து கூகுள் இடம் கொடுப்பதில்லை. தேடியவருக்கு அந்த விளம்பரமும் அது போய்ச் சேரும் பக்கமும் எவ்வளவு பொருந்துகின்றன என்றும் பார்க்கும். அவர்களின் பெயருக்கு உங்கள் பக்கம் பொருந்தாது, ஆகவே கூடக் கட்ட வேண்டிவரும். அப்படி வருகிற ஆளும் அவர்களைத் தேடி வந்தவர். உங்கள் பெயருக்கு உங்களை விடப் பொருத்தமான பக்கம் எவரிடமும் இல்லை என்பதால், அதே ஏலத்தில் உங்களுக்கு மலிவாக விழும். கடைப் பெயரை அப்படியே தேடுபவருக்குக் காட்டும்படி சொற்பட்டியலில் சதுர அடைப்புக்குள் போட்டு, ஓடர் வரும் நாடுகளுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள், அவ்வளவையும் சேருங்கள். தலைப்பில் 'கொக்குவில்' என்று ஊரையும் போடுங்கள், பழைய வாடிக்கையாளர் உடனே பிடித்துவிடுவார்.

பெயரைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியுங்கள். பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் இலங்கைப் பதிவு இலங்கைக்கு மட்டும்தான். கனடாவில் தெரியும் விளம்பர வாசகத்தில் உங்கள் பெயர் வருவதை மறிக்கக் கனடாப் பதிவு வேண்டும். பாதி ஓடர் அங்கிருந்து வருகிறதென்றால் அதற்கும் காசு ஒதுக்குங்கள். பொதுச்சொற்களால் ஆன பெயரென்றால் பதிவது கடினம், வழக்கிலும் பலமில்லை.

அந்தத் தாயின் பிறந்தநாள் குழம்பிப்போனதுதான் எனக்குப் பெரிய கவலை. தூரத்திலிருந்து காசு கட்டுகிற பிள்ளை பெயரை நம்பித்தான் கட்டுகிறது. அந்த நம்பிக்கையை ஏலத்தில் எடுப்பதைச் சட்டம் அனுமதித்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: எங்கள் விளம்பரத் தலைப்பில் பக்கத்துத் தையல் கடையின் பெயர் வந்ததென்று அந்த ஐயா சண்டைக்கு வந்துவிட்டார். நாங்கள் அப்படி எழுதவே இல்லை. விளம்பரத்தை வெளியில் ஓர் ஆளிடம் கொடுத்துத்தான் செய்தோம்.
– நெல்லியடி வாசகி

பதில்: தங்கச்சி, ஏலத்தில் எடுத்த சொல்லைத் தானாகவே தலைப்பில் கொண்டுவந்து போடும் வசதி ஒன்று கூகுளில் உண்டு. அந்த ஆள் ஐயாவின் கடைப் பெயரையும் சொற்பட்டியலில் சேர்த்து, இதையும் போட்டிருப்பார். தலைப்புப் பெட்டியில் {KeyWord: என்று தொடங்கும் நெளிவு அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே அதை எடுத்து, பட்டியலிலிருந்து பெயரையும் நீக்குங்கள். ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை இனி உங்கள் கையில் வைத்திருங்கள்.