நாமினி கட்டத்தில் உங்கள் பெயர் எதற்கு?

கேள்வி: நெடுஞ்சாலையில் ஓட்டல் நடத்துகிறேன். சப்ளைக்கு நாலு பையன்களைச் சேர்த்ததில் ஆள் கணக்கு 22 ஆகிவிட்டது. எல்லாரும் பென்னாகரம், அரூர் பக்கம். சட்டப்படி என்னென்ன பேப்பர் வாங்க வேண்டும்? பி.எஃப். படிவத்தில் நாமினி இடம் வந்ததும் பையன்கள் முழித்தார்கள். என் பெயரையே போட்டுவிட்டேன். நாளைக்கு ஒன்று என்றால் நான்தானே பார்க்கப்போகிறேன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பேப்பர் விவரத்தை உங்கள் ஆடிட்டரே சொல்லிவிடுவார். போகிற போக்கில் நாமினி பற்றி எழுதினீர்களே, அதற்கு வருகிறேன்.

பெற்றவள் ஊரில் இருக்க, அந்தக் கட்டத்தில் நீங்கள் யார்? அந்தப் பையன் செத்தால் பணம் யாருக்கு என்பதுதான் அங்கே கேள்வி. ராத்திரி கல்லாவை மூடியதும் பைக்கில் ஊருக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இவர்கள். உங்களிடம் வேலை பார்க்கும் காலத்தில் உயிர் போனால் பி.எஃப். சேமிப்போடு இன்சூரன்ஸும் உண்டு, 7 லட்சம் வரை. அதற்கு நாமினி முதலாளியா?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மனைவி, பிள்ளைகள், அவனை நம்பியிருக்கும் அப்பா அம்மா – இவர்கள் இருக்கும்போது வெளியாளை எழுதினால் செல்லாது. அந்தத் தாய் ஆபீஸ் ஆபீஸாக அலைவதுதான் மிச்சம். 'முதலாளி அப்பா ஸ்தானம்' என்று நம் ஓட்டல்களில் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். எந்த அப்பனும் பிள்ளையின் சாவுப் பணத்துக்குத் தன் பெயரை எழுதிக்கொள்ள மாட்டான். உங்கள் மனசு நல்லதாகவே இருக்கட்டும். நாளைக்கு நீங்களே இல்லையென்றால்? உங்கள் மகன் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் பென்னாகரத்தில் கொடுப்பானா?

மற்றவை: 20 பேர் ஆனாலே பி.எஃப். கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீடு; அது 10 பேரிலேயே வந்துவிடும், முன்பே கட்டியிருக்க வேண்டும். வைத்தியம் அவனுக்கு மட்டுமல்ல, அவனை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் உண்டு; இதையாவது பையன்களிடம் சொன்னீர்களா? நியமனக் கடிதம் 2025 நவம்பர் 21 முதல் எல்லாத் தொழிலாளிக்கும் உண்டு. சம்பளத்தையும் வேலையையும் எழுதி, ஒரு பிரதியை அவன் கையில் கொடுங்கள். சாப்பாட்டைத் தொடுகிறவர்களுக்கு வருஷம் ஒருமுறை மருத்துவச் சான்று. பிறந்த தேதிக்கு ஆதாரம் வாங்குங்கள். 'பையன்கள்' என்கிறீர்களே, 14 முடியாதவனை வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான். பார்த்ததும் அசல் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

இந்த வாரமே நாலு பேரையும் உட்காரவைத்து, அவரவர் போனில் பி.எஃப். இணையதளத்துக்குள் போய் நாமினியை மாற்றச் சொல்லுங்கள். ஓ.டி.பி. அவர்கள் போனுக்கு வரும், அவர்களே போடட்டும். அம்மாவின் ஆதாரும் பாஸ்புக்கும் கையில் இருக்க வேண்டும். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, இன்ஷியல் உட்படப் பாருங்கள். எந்த அம்மாவுக்காவது வங்கிக் கணக்கே இல்லையென்றால், அந்தப் பையனுக்குச் சம்பளத்தோடு ஒருநாள் லீவு கொடுங்கள். கூட்டிப்போய்த் தொடங்கிக் கொடுத்துவிட்டு வரட்டும்.