பயிற்சியில் மகனுக்கு முட்டி வலி: மாத்திரை அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அக்னிவீரராகத் தேர்வாகி, ராணுவப் பயிற்சி மையத்தில் மூன்றாவது மாதம் நடக்கிறது. ஒரு மாதமாக வலது முட்டி வலிக்கிறதாம். எங்கும் விழவில்லை. படி இறங்கும்போதும் குந்தி எழும்போதும் அதிகம் என்கிறான். டாக்டரிடம் போனால் அடுத்த பேட்ச்சில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, வலி மாத்திரையும் ‘நீ கேப்’ என்ற முட்டி உறையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறான். எங்கள் ஊரில் ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், லீவில் அழைத்து வந்து இங்கேயே ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்துவிடலாம், பிறகு பென்ஷனும் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: மாத்திரையும் அனுப்ப வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். மகன் நாளைக் காலை ‘சிக் ரிப்போர்ட்’ செய்யட்டும், அதாவது உடம்பு சரியில்லை என்று பயிற்சி மையத்தின் டாக்டரிடம் போகட்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், முட்டிச் சில்லுக்கும் அதன் பின்னால் இருக்கும் தொடை எலும்புக்கும் இடையே வரும் வலியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முட்டியை மடக்கி நீட்டும்போது சில்லு ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. படி இறங்கும்போதும் குந்தும்போதும் அதன் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப்போலப் பல மடங்காகும். ஆள்சேர்ப்புக்காக 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடப் பழகிய கால்தான். ஆனால் அங்கே போன முதல் வாரத்திலிருந்தே காலை ஓட்டம், பூட்ஸோடு டிரில், குதிகாலைத் தரையில் அறைவது, முதுகில் சுமை, இடையில் உஸ்தாத் (பயிற்சியாளர்) கொடுக்கும் ‘ரகடா’ என்ற தண்டனைப் பயிற்சியில் தவளைத் தாவல் என்று எல்லாம் சேர்ந்து வருகிறது. மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். மூட்டுக்கும் எலும்புக்கும் அந்த வேகம் கிடையாது. இந்த வலியில் ஜவ்வு கிழிந்திருக்காது, ஆபரேஷனும் தேவைப்படாது.

போனில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கால் திருகி ‘டப்’ என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கியதா? பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா? நடக்கும்போது திடீரென மடங்கி விழப் பார்க்கிறதா? முட்டிக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் உயிர் போகிறதா, இரவில் படுத்தாலும் விண் விண் என்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் இது சாதாரண சில்லு வலி இல்லை, அன்றே ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

இவை நான்கையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முட்டியில் வலி, ஆனால் கோளாறு முட்டியில் இல்லை. தொடை எலும்பின் மேல்முனையில், இடுப்புக் கிண்ணத்துக்குள் போகும் கழுத்துப் பகுதியில் மெல்லிய விரிசல் விட்டிருக்கும். வலி தொடை இடுக்கில் இருக்கும், சில சமயம் தொடை வழியே இறங்கி முட்டியில் மட்டும் தெரியும். பையன் முட்டியைக் காட்டுவான், டாக்டரும் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுப்பார், நார்மல் என்று வரும். இடுப்பையே எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அடிப்பக்கம் விட்ட விரிசல் என்றால் ஊன்றுகோலோடு பல வாரம் எடை வைக்காமல் இருந்தால் கூடிவிடும். மேல்பக்கம் விட்டது அப்படி இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினால் ஒருநாள் முழுசாக முறிந்து விலகிவிடும். விலகினால் தொடை எலும்பின் பந்துபோன்ற மேல்முனைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, இருபது வயதில் இடுப்பு மூட்டே செத்துப்போகலாம். அதனால் இடுக்கில் சிறிது வலி இருந்தாலும், மல்லாந்து படுத்து காலை உள்பக்கம் திருப்பினால் இடுக்கில் சுருக்கென்றாலும், அதோடு ஓட்டம் நிற்க வேண்டும். ‘ஒற்றைக் காலில் குதித்துக் காட்டு’ என்று சோதிக்கிற பழக்கம் ஒன்று உண்டு. அதை மகன் தானாகச் செய்து பார்க்கவே கூடாது, விரிசலை முறிவாக்கிவிடும்.

மாத்திரை அனுப்பாதீர்கள் என்பதற்கும் இதுதான் முதல் காரணம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் எதுவானாலும் வலியை மறைக்கும், விரிசலை ஆற்றாது. இரண்டாவது காரணம் சிறுநீரகம். வியர்த்துக் கொட்டி, தண்ணீர் போதாத நிலையில், நீண்ட ஓட்டத்துக்கு முன் இவற்றை விழுங்கினால் சிறுநீரகம் அடிவாங்கும். நீ கேப் அனுப்புவதால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. அந்தக் காசுக்கு ஷூவுக்குள் வைக்கும் நல்ல இன்சோல் ஒரு ஜோடி வாங்கி அனுப்புங்கள். முதல் சில வாரங்களுக்கு உதவும்.

சில்லு வலிதான் என்று டாக்டர் உறுதி செய்தால், மருந்து உடற்பயிற்சிதான். பாரக்கில் படுக்கையிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, வலிக்கிற காலை நேராக ஒரு அடி உயர்த்தி 5 வினாடி நிறுத்த வேண்டும்: 10 முறை, மூன்று சுற்று. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்குவது: 15 முறை, மூன்று சுற்று. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் இடுப்பின் பக்கத் தசை தளர்ந்திருந்தால் ஓடும்போது முட்டி உள்பக்கம் சாயும், வலி போகாது. பிறகு சுவரில் முதுகை ஒட்டிச் சிறிது மட்டும் இறங்கி 20 வினாடி நிற்பது, ஐந்து முறை. நாற்காலி உயரத்துக்கு இறங்கக் கூடாது. செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலை பழைய அளவுக்குத் திரும்பினால் தொடரலாம். ஓடும்போது நீளமாக எட்டு வைக்காமல், சின்னச் சின்ன எட்டாக அடிக்கடி வைத்து ஓடட்டும். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும், சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். முழு ஓய்வில் படுத்துக் கிடந்தால் தசை வற்றி வலி திரும்ப வரும்.

இனி பேட்ச் பயம். எம்.ஐ. ரூமில் (மையத்தின் மருத்துவப் பரிசோதனை அறை) ‘அட்டென்ட் சி’ என்ற ஓய்வுச் சீட்டு கொடுத்தால் பரேடு கிடையாது. அதிக நாள் விடுபட்டால் பின்தங்கிய பேட்ச்சில் சேர்ப்பார்கள் என்பதும் உண்மை. சில வாரம் போகும், அதனாலேயே வேலை போய்விடாது. இதை அவமானம்போல ஆக்கி வைத்திருப்பது பயிற்சி முறையின் குறைதான். சிக் ரிப்போர்ட் செய்பவனை நடிக்கிறான் என்று நூறு பேர் முன்னால் கிண்டல் செய்துவிட்டு, பிறகு ஏன் முற்றிய விரிசலோடு வருகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டுப் பயனில்லை. வலி தொடங்கியபோதே சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

டாக்டருக்கு ஒவ்வொருவரிடமும் சில நிமிடம்தான் கிடைக்கும். ‘முட்டி வலி’ என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு வெளியே வருவான். எந்தத் தேதியில் தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, இடுக்கில் வலி உண்டா என்ற மூன்றையும் சொல்லட்டும். ஹிந்தி வராவிட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டட்டும். பயிற்சியின்போது விழுந்தோ திருகியோ அடிபட்டிருந்தால், ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற எண்ணுள்ள இன்ஜுரி ரிப்போர்ட் (காயப் பதிவுப் படிவம்) போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் கேட்கட்டும்.

ஊர்க்காரர் விஷயத்தில் அந்தப் பதிவுதான் முக்கியம். அக்னிவீரருக்கு ஓய்வூதியமே கிடையாது. அவர் எதை வாங்கித் தருவார்? பணியால் ஏற்பட்ட உடற்குறைக்கு, மருத்துவக் குழு முடிவு செய்யும் விழுக்காட்டைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் ரூபாய் என்று ஒருமுறை கருணைத்தொகை உண்டு. அதற்கு அடிப்படை, காயம் பயிற்சியில் வந்தது என்கிற ராணுவப் பதிவு. யூனிட்டுக்குச் சொல்லாமல் தனியார் ஆஸ்பத்திரியில் முட்டியைத் திறந்துவிட்டால் அந்தப் பதிவு எங்கிருந்து வரும்? லீவில் நடந்தது என்று எழுதிவிடுவார்கள், தழும்பும் அடுத்த மருத்துவப் பரிசோதனையில் கேள்வியாகும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிப் பயமுறுத்துவது இன்னொரு தொழில். நன்றாக ஓடும் இளைஞனின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ‘மெனிஸ்கஸ் கிரேடு 2 சிக்னல்’ என்று வரலாம். மெனிஸ்கஸ் என்பது முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு. கிரேடு 1, 2 என்பது கிழிசல் இல்லை. ஜவ்வின் மேற்பரப்பு வரை எட்டும் கிரேடு 3தான் கிழிசல். அதற்கும் மூட்டு பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிரேடு 2 தாளைக் கையில் கொடுத்து ‘இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், தாளை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மேலே சொன்ன உடற்பயிற்சிகளை மூன்று வாரம் செய்தும் படி இறங்கும் வலி துளியும் குறையாவிட்டால், எலும்பு மருத்துவரைப் பார்க்க ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பும்படி மகன் எம்.ஐ. ரூமில் கேட்கலாம். கேட்ட தேதியை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.