பி.எட். படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் வேதியியல் பட்டதாரி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 4 ஆண்டு 3 மாதங்களாக நிரந்தரப் பணியில் இருக்கிறேன். சம்பளம் ரூ.24,000, அதில் அடிப்படைச் சம்பளம் ரூ.13,000. வங்கியில் ரூ.2,80,000 இருக்கிறது, மாதம் ரூ.8,000 சேமிக்கிறேன். இந்த ஆண்டே வேலையை விட்டு, தருமபுரியில் பெற்றோருடன் தங்கி பி.எட். படித்து, உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக விரும்புகிறேன். கட்டணம் மொத்தம் ரூ.90,000. நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகையைத் தொட வேண்டாம், சகோதரி. ஒரே தவணையில் அடைக்கும் நகைக்கடனை 12 மாதங்களுக்குள் திருப்ப வேண்டும்; உங்கள் படிப்போ 24 மாதங்கள். வருமானமே இல்லாத நாளில் மீட்க வேண்டிய கெடு வந்து நிற்கும்.

உங்களுக்குப் பெரிய செலவு கட்டணம் அல்ல, சம்பளம் இல்லாத காலம்தான். பி.எட். முடித்தவுடன் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துவிடாது. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150-க்கு 90 மதிப்பெண் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதைவிடக் குறைவு) பெற்ற பிறகு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமான ரூ.36,400-ஐ, நியமன ஆணை கைக்கு வரும்வரை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். படிப்புக்கு 2 ஆண்டு, காத்திருப்புக்கு 1 ஆண்டு என 36 மாதங்களுக்கு, மாதம் ரூ.7,000 வீதம் ரூ.2,52,000 வேண்டும், கட்டணத்தையும் சேர்த்தால் ரூ.3,42,000. இன்று ரூ.62,000 குறைகிறது.

ஆகவே அடுத்த கல்வியாண்டில் சேருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஓராண்டுச் சேமிப்பு ரூ.96,000 சேரும். அதைவிட முக்கியமாக, 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறும் உரிமை உண்டு: 13,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் ரூ.37,500. ஒன்பது மாதப் பொறுமையின்மையால் இழக்கக்கூடிய தொகையா இது? எல்லாம் சேர்ந்து ரூ.4,13,500 ஆகும்போது, செலவு போக ரூ.71,500 அவசரத்துக்கு மிஞ்சும். அதிலிருந்து மருத்துவக் காப்பீடு ஒன்றை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனக் காப்பீடு இருந்தால் அது வேலையோடு முடிந்துவிடும்.

அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். கலந்தாய்வுக்கு அவசியம் விண்ணப்பியுங்கள். கல்லூரிக்கு வராமலே பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வகுப்புக்கு 80 சதவீதமும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை கட்டாயம். வகுப்பறையில் நிற்கக் கற்றுக்கொள்ளும் அந்த வாரங்களுக்காகத்தானே இவ்வளவு சேமிக்கிறீர்கள்.

எதிர்பாராத செலவால் கட்டணம் இடித்தால், அந்த ரூ.90,000-க்கு மட்டும் கல்விக்கடன் கேளுங்கள், ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கிடையாது. பணிவிலகல் கடிதம் கொடுக்கும் முன், நியமன ஆணையில் உள்ள தேதியைப் பார்த்து 5 ஆண்டு முழுமையாக நிறைந்துவிட்டதா என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.