மாட்டுக்கு வலி ஊசி: பாறு கழுகுக்கு ஆகாதது எது?

கேள்வி: மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிய ஊரில் மாடு வளர்க்கிறேன். ஒரு மாட்டுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் எழுந்துவிடும் என்கிறார்கள். அதனால் செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகள் சாகும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். ஆனால் முதலில் மாட்டைக் கவனியுங்கள். தொடைச் சதை வீங்கியிருக்கிறதா? அழுத்தினால் உள்ளே காற்று இருப்பதுபோல் நறநறவென்கிறதா? அப்படியானால் சப்பை நோயாக இருக்கலாம். அதற்கு வலி ஊசி மருந்தே அல்ல, கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். வீக்கம் இல்லாமல் நடுக்கமும் கால் மாறி மாறி நொண்டலும் இருந்தால் பெரும்பாலும் மூன்று நாள் காய்ச்சல்தான். அதற்கு வலியைக் குறைத்து, நிழலில் கட்டி, தண்ணீர் காட்டினால் பெரும்பாலான மாடுகள் தேறிவிடும்.

வலிக்கு மெலாக்சிகாம் கேளுங்கள். மாட்டுக்கும் நன்றாகக் கேட்கும், பாறு கழுகுக்கும் தீங்கில்லை என்று சோதித்துப் பார்த்த மருந்து அது. டோல்ஃபெனமிக் அமிலமும் அப்படியே. மாட்டின் எடை, சினை, கறவை பார்த்து அளவையும் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் மருத்துவர் சொல்லட்டும்.

டைக்ளோஃபெனாக் போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோனால் மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்னும் கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, ஈரல், இதயம் எல்லாம் வெள்ளை பூத்துவிடும். சில நாட்களில் செத்துவிழும். பாறு கூட்டமாக வந்து தின்னும் பறவை. ஒரே பிணத்தில் பல கழுகுகள் போய்விடும். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும், இழப்பை ஈடுகட்ட முடியாது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1990-களின் தொடக்கத்தில் இருந்ததில் 2007-க்குள் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டும் முக்கிய இடம் உங்கள் மாயாறுப் பகுதிதான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006-லேயே தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அதையும் 3 மில்லி அளவுக்குக் குறைத்தார்கள். கழுகுக்கு ஆகாத வேறு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023-ல் கால்நடைக்குத் தடை வந்தது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது! பிறகு நிமிசுலைடுக்கும் தடை. ஃப்ளுனிக்சினும் வேண்டாம். மருந்தின் பெயர் எதுவானாலும் சரி, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று லேபிளில் படித்துவிட்டே வாங்குங்கள்.

மாடு தப்பாமல் போனால், ஊசி போட்ட உடலைத் திறந்த வெளியில் போடாதீர்கள், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். திடீரென இறந்து மூக்கு, ஆசனவாயில் ரத்தம் கசிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்கவோ வெட்டவோ கூடாது, கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று: புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் பிணத்தில் விஷம் வைத்துவிடாதீர்கள். அதில் புலியோடு பாறுகளும் சாகும், வனவிலங்குச் சட்டத்தில் அது கடும் குற்றம். வனச்சரக அலுவலகத்தில் உடனே புகார் கொடுத்து இழப்பீடு கேளுங்கள், அவர்கள் வந்து பார்க்கும்வரை உடலை அப்புறப்படுத்த வேண்டாம்.