எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது?

கேள்வி: எந்த இலக்கமும் திரும்ப வராத மூன்றிலக்க எண்களில் இரட்டைப்படை எண்கள் எத்தனை? மொத்தம் 9×9×8 = 648, அதில் பாதி 324 என்று போட்டேன். விடை 328 என்றிருக்கிறது. ‘அல்லது’ வந்தால் கூட்டு, ‘மற்றும்’ வந்தால் பெருக்கு என்றுதானே படித்தோம்?

பதில்: 648 சரி, பாதியாக்கியதுதான் தவறு. நூறாம் இடத்தில் 0 வராது, ஒன்றாம் இடத்தில் வரும். அதனால் ஒற்றையும் இரட்டையும் சரிபாதியாகப் பிரிவதில்லை.

‘அல்லது’, ‘மற்றும்’ என்ற சொற்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இந்தக் கேள்வியில் அவை இரண்டுமே இல்லை. பெருக்கும்முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முந்தைய படியில் எதை எடுத்தாலும் அடுத்த படியில் கிடைக்கும் வழிகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்கிறதா? எந்தெந்த வழிகள் என்பது மாறலாம், எத்தனை என்பது மாறக் கூடாது.

இடப்பக்கத்திலிருந்து நிரப்பிப் பாருங்கள். நூறாம் இடத்துக்கு 9, பத்தாம் இடத்துக்கு 9. ஒன்றாம் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதலிரண்டும் 2, 4 என்றால் மிச்சம் 0, 6, 8 மட்டும். 1, 3 என்றால் ஐந்து இரட்டை இலக்கங்களும் மிச்சம். எண்ணிக்கை மாறிவிட்டது, பெருக்க முடியாது.

ஆகவே கட்டுப்பாடு அதிகமுள்ள ஒன்றாம் இடத்தில் தொடங்குங்கள். அங்கே 0 என்றால் நூறாம் இடத்துக்கு 9, பத்தாம் இடத்துக்கு 8: மொத்தம் 72. அங்கே 2, 4, 6, 8-இல் ஒன்று என்றால் 4 வழிகள். நூறாம் இடத்துக்கு 0-வும் அந்த இலக்கமும் ஆகாது, எனவே 8. பத்தாம் இடத்துக்கு மீண்டும் 8. 4×8×8 = 256. ஒரே எண் இந்த இரு வகையிலும் வராது என்பதால் கூட்டலாம்: 328. ஒற்றைப்படை எண்கள் 5×8×8 = 320; இரண்டும் சேர்ந்தால் 648.

கூட்டலில் சறுக்குவது வகைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது. நான்கிலக்கக் கடவுஎண்ணில் (0000-உம் உண்டு) குறைந்தது ஒரு 7 இருக்க வேண்டும் என்றால், 7-க்கு 4 இடம், மற்ற மூன்றுக்கும் 10×10×10, ஆக 4000 என்று பலர் எழுதுவார்கள். 7707 அதில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும். 7 இல்லாதவற்றைக் கழிப்பதே சுலபம்: 10,000 − 9×9×9×9 = 3439.

ஐயம் வந்தால் கணக்கைச் சுருக்கிக் கையால் எழுதிப் பாருங்கள். 0, 1, 2 மட்டும் வைத்து, இலக்கம் திரும்பாத ஈரிலக்க எண்கள் 10, 12, 20, 21. நான்கில் இரட்டை மூன்று, பாதி இல்லை.