பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள்

கேள்வி: அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வில் இளம் அணி ஒன்றுக்கு இரண்டு மூன்று நட்சத்திரங்கள் அமைந்துவிட்டால் போதாதா? ஒப்பந்தம் முடிந்து நிற்கும் மற்ற வீரர்களை அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தில் வேறு ஆட்களை எடுத்துக்கொள்ளலாமே? பெஞ்சில் உட்காருபவர்களுக்குக் கோடிகளைக் கொட்டுவது வீண் அல்லவா?
— கல்லூரி அணியில் ஆடும் வாசகர் ஒருவர்

பதில்: 'அந்தப் பணத்தில்' என்கிறீர்களே, பிழை அங்கேதான் தொடங்குகிறது. அப்படி ஒரு பணம் பெரும்பாலும் கைக்கு வருவதே இல்லை. என்பிஏ அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26 பருவத்துக்கு அது ஏறக்குறைய 15.46 கோடி டாலர். வெளியிலிருந்து ஒருவரைப் பெரிய சம்பளத்துக்குச் சேர்க்க வேண்டுமானால் அந்த வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும். தன்னிடம் ஆடி ஒப்பந்தம் முடித்த வீரரைத் தக்கவைத்துக்கொள்வதற்கோ வரம்பைத் தாண்ட அனுமதி இருக்கிறது. முன்னாள் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் வழங்கும் விதி அது. ஆகவே வரம்பைத் தொட்டுவிட்ட அணி தன் வீரரை விட்டால், அவர் போவார். அவருக்கு ஈடான இன்னொருவர் வரமாட்டார். மிஞ்சுவது காலி நாற்காலி.

இதை ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியைப் போல அனுபவித்தவர்கள் இல்லை. 2012-இல் இறுதிச் சுற்றுக்கு வந்தபோது கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக் இருவருக்கும் வயது 23. ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாகா இருவருக்கும் 22. மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள். இன்னும் பத்தாண்டு இவர்கள் காலம்தான் என்று எல்லோரும் நம்பினோம். அந்த ஆகஸ்டில் இபாகாவுக்குப் புதிய ஒப்பந்தம் கிடைத்தது. ஹார்டனுக்கு நான்காண்டுகளுக்குச் சுமார் 5.4 கோடி டாலர் தர முன்வந்தார்கள். விதிப்படி அவர் அதிகபட்சம் பெறக்கூடியது சுமார் 6 கோடி. இந்த இடைவெளியில் பேச்சு முறிந்தது. பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது அவரை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹார்டன் அப்போது யார் தெரியுமா? நீங்கள் சொல்லும் அதே 'பெஞ்சில் உட்காருபவர்'. அந்த ஆண்டின் சிறந்த மாற்று வீரர் விருது அவருக்குத்தான். அடுத்த வசந்தத்தில் வெஸ்ட்புரூக் முழங்காலில் அடிபட்டு வெளியேறியபோது, பந்தைக் கையில் எடுத்து அணியை நடத்த டுரான்டுக்குத் துணையாக யாரும் இல்லை. இரண்டாம் சுற்றில் மெம்பிஸிடம் 4-1 என்று தோற்றார்கள். டுரான்ட் 2014-லும் வெஸ்ட்புரூக் 2017-லும் ஹார்டன் 2018-லும் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார்கள். ஒரே சட்டை அணிந்திருந்த மூவர்! ஊர் சிறியது, ஆடம்பர வரி (சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் அணி கட்டும் அபராதம்) கடுமையாகப் போகிறது என்று நிர்வாகம் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தத் தொகைக்காக ஹார்டனை விட்டதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதே அணி, அதே பொது மேலாளர் சாம் பிரெஸ்டி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து என்ன செய்தார் என்று பாருங்கள். ஐசயா ஜோ 2022-இல் பிலடெல்பியா வேண்டாம் என்று விட்டுவிட்டவர். ஆரன் விக்கின்ஸ் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் புதுமுகத் தேர்வில், 2021-இல், 55-ஆவதாக எடுக்கப்பட்டவர். 2024 கோடையில் இருவரையும் இன்னும் ஓராண்டு சுமார் 20 லட்சம் டாலருக்கே வைத்திருக்கும் உரிமை அணியின் கையில் இருந்தது. அதை வேண்டுமென்றே கைவிட்டு, ஜோவுக்கு நான்காண்டுக்கு 4.8 கோடி, விக்கின்ஸுக்கு ஐந்தாண்டுக்கு 4.7 கோடி என்று எழுதிக் கொடுத்தார்கள். சம்பளம் முதல் ஆண்டில் கூடுதல், போகப்போகக் குறையும். ஏன்? அணியின் இளம் நட்சத்திரங்கள் செட் ஹோம்கிரென், ஜேலன் வில்லியம்ஸ் ஆகியோர் அப்போது சம்பளம் குறைவான புதுமுக ஒப்பந்தத்தில் இருந்தார்கள். பணத்துக்கு இடம் இருந்தது. அவர்களுடைய பெரிய சம்பளம் 2026-27-இல் தொடங்கும்போது இந்த இருவரின் சுமை இறங்கியிருக்கும். வீட்டுக் கடனை வருமானம் உள்ளபோதே கூடுதலாகக் கட்டிவிடுகிற குடும்பத் தலைவரின் கணக்கு இது.

எல்லோரையும் வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. ஜாஷ் கிடி 2021 தேர்வில் ஆறாவதாக எடுக்கப்பட்டவர், திறமைசாலி, 2024-இல் வயது 21. ஆனால் பந்து கையில் இருந்தால்தான் அவர் ஆட்டம் மலரும். ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருக்கும் முதன்மை நட்சத்திரம் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் இருக்கும் அணியில் பந்து கிடியின் கைக்கு எத்தனை முறை வரும்? அதே 2024-இல் கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து, முப்பது வயது அலெக்ஸ் காருசோவை வாங்கினார்கள். இளையவரைக் கொடுத்து மூத்தவரை வாங்குவதா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. நான் சரி என்றே நினைத்தேன்.

2025 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், 0.3 விநாடி மிச்சமிருக்க எதிரணி வீரர் ஹாலிபர்ட்டன் போட்ட ஒரு கூடையால் தண்டர் அணி சொந்த ஊரில் இந்தியானாவிடம் தோற்றது. இரண்டாம் ஆட்டமும் போயிருந்தால் நிலைமை மோசம். அன்று பெஞ்சிலிருந்து எழுந்து வந்த காருசோ 20 புள்ளி, விக்கின்ஸ் 18 புள்ளி. 123-107 என்று வென்றார்கள். தொடர் ஏழாவது ஆட்டம்வரை போய்த்தான் கோப்பை கிடைத்தது. உங்கள் கணக்குப்படி நடந்திருந்தால், விக்கின்ஸை ஓராண்டுக்கு முன்பே வழியனுப்பியிருப்பீர்கள்.